கள்ளுண்ணாமையும் மருந்தும்

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். மருந்து 95-ஆம் அதிகாரம். இரண்டுக்கும் இடையே சூது என்னும் ஓர் அதிகாரமே நிற்கின்றது. மும்பைத் தமிழர் கூடும் விழாக்களில் முன்னதை எடுத்துக்காட்டாத சொற்பொழிவாளர் அரியர்; அதனோடு பின்னதையும் சேர்த்து விளக்கியவரை நாம் இதுகாறும் கேட்டதில்லை. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் குடியைப் பற்றித் தமிழிலக்கியம் நமக்குத் தரவல்ல அறிவு முழுமை பெறுகின்றது என்பது நம் துணிபு.

வள்ளுவரே இவ்விரண்டையும் இணைத்துப் பாடினார் என்று நாம் வாதிக்க முற்படவில்லை. மருந்ததிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது. கள்ளின் பெயர் அங்கு வரவில்லை. எனினும் ஒரு நூலின் ஒரு பகுதியைக் கொண்டு மற்றொரு பகுதியை விளக்குதல் நம் உரையாசிரியர்கள் கைக்கொண்ட நெறியே ஆகும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சி ஏட்டுச் சுரைக்காய் அன்று. குடியால் நலிந்த உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே மிகக் குறைவு. அவரைப் பற்றி நாம் பேசும் சொற்கள் எங்கிருந்து வந்தன, அவை போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

சங்கப் புலவரின் கள்

கள், நறவு, தேறல், பிழி எனப் பல பெயர்களால் மதுவைச் சங்க இலக்கியம் குறிக்கின்றது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டு யாவரும் அறிந்தது. சிறிதளவே கள் கிடைத்தால் அதனைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் உடன் உண்டு மகிழ்வான் என்றும் அவர் நினைந்து உருகுகின்றார். ‘சங்கப் புலவரே குடித்தனர், நாம் குடித்தால் என்ன குறை?’ என்று கேட்கும் அன்பர்கள் பெரும்பாலும் இப்பாட்டையே துணைக்கு அழைப்பர்.

அவர்களுக்கு இரண்டு செய்திகளைக் கூறலாம். முதலாவது, அப்பாட்டு கள்ளின் புகழ் பாடுவதன்று. கொடுத்து உண்ட ஒருவனை இழந்த துயரைப் பாடுவது. சோறும் கள்ளும் அங்கே அவன் ஈகையை அளக்கும் நாழிகள். அவையோடு கூடி உண்ட அதியமானுக்கும், சம்பள நாளன்று தனியே நின்று ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வீடு திரும்புபவனுக்கும் ஒப்புமை காண்பது இலக்கியத்துக்கும் வாழ்க்கைக்கும் ஒருங்கே இழைக்கும் பிழையாகும். இரண்டாவது, பனங்கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு. இன்று நம் நாட்டில் விற்கும் விஸ்கி, பிராந்தி வகைகளில் அது 42.8 பங்கு. பழம்பாட்டில் உள்ள சொல்லும் இன்றைய புட்டியில் உள்ள பொருளும் வேறு வேறு.

வள்ளுவர் கண்ட வீடு

அந்தக் கள்ளிலேயே தீங்கைக் கண்டவர் வள்ளுவர். கள்ளுண்ணாமையை அவர் பொருட்பாலில் வைத்தார் என்பது கருதத்தக்கது. அரசு, அமைச்சு, பொருள், நட்பு ஆகியவற்றைப் பேசும் பகுதியில் குடியையும் வைத்தமையால், அதனைத் தனியொருவனின் பாவமாக மட்டும் கருதாமல், குடும்பத்தையும் நாட்டையும் பாதிக்கும் பொருளியல் இழப்பாகவும் அவர் கண்டார் எனலாம்.

அதிகாரத்தின் முதற்குறளிலேயே கள்மேல் கொண்ட விருப்பத்துக்குக் ‘கட்காதல்’ என்று பெயரிடுகின்றார். இச்சொல்லாட்சி எண்ணி வியத்தற்குரியது. காதல் என்பது அறிவுரையால் அகலுவதன்று. பிரிந்தால் உடல் மெலிவது. இழிவு வந்தாலும் விடாதது. இன்றைய மருத்துவர் மதுச்சார்புக்குக் கூறும் அடையாளங்கள் ஆறு: அடக்கவொண்ணா வேட்கை, தொடங்கினால் அளவில் நிறுத்த இயலாமை, நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றுதல், பழைய மயக்கத்தை அடைய மேன்மேலும் அளவு கூடுதல், வேறு இன்பங்களையும் கடமைகளையும் கைவிடுதல், தீங்கு கண்டும் தொடர்தல். இவற்றுள் மூன்றேனும் ஓராண்டுக்குள் சேர்ந்து தோன்றினால் அது நோய் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்தாம் நோய்ப் பட்டியலின் கணக்கு. ‘கட்காதல்’ என்னும் ஒரு சொல்லில் முதலடையாளம் அடங்கிவிட்டது.

பின்வரும் குறள்களில் வள்ளுவர் நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புரைப்பதைக் காட்டிலும், ஒரு தெருவில் வாழ்ந்து கண்டவராகவே பேசுகின்றார். பெற்ற தாயும் முகம் சுளிப்பதைக் காண்கின்றார். நாணம் என்னும் நல்லாள் புறங்காட்டிப் போவதைக் காண்கின்றார். விலை கொடுத்து அறியாமையை வாங்கும் விந்தையைக் காண்கின்றார். மறைவில் குடிப்பவனை உள்ளூரார் உணர்ந்து தமக்குள் நகைப்பதைக் காண்கின்றார். ‘நான் குடித்தறியேன்’ என்பவனின் பொய், குடித்த வேளையிலேயே வெளிப்படுவதையும் காண்கின்றார். மறைத்தலும் மறுத்தலும் இந்நோயின் உடன்பிறப்புகள் என்று இன்றைய மருத்துவர் கூறுவதை அவர் அன்றே குறித்து வைத்திருக்கின்றார்.

இறுதி இரண்டு குறள்களே நம் ஆய்வுக்கு உயிரானவை. குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது, நீருள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதை ஒக்கும் என்பது 929-ஆம் குறளின் கருத்து. இதனை எடுத்துக்காட்டிக் ‘குடிகாரனைத் திருத்த முடியாது, வள்ளுவரே கைவிட்டார்’ என்று முடிப்பவர் பலர். பரிமேலழகர் கொண்ட வைப்பு முறையில் அதற்கு அடுத்த குறளை அவர்கள் நோக்குவதில்லை. தான் குடியாதிருக்கும் பொழுதில் மற்றொரு குடியனைக் காண்பவன், தன் சோர்வும் இத்தகையதே என்று எண்ணமாட்டானோ என்று 930-ஆம் குறள் கேட்கின்றது. மயக்கத்தில் இருக்கும்போது பேசுவது வீண். தெளிந்திருக்கும்போது கதவு திறந்திருக்கின்றது என்பதே இரண்டையும் சேர்த்துக் காணும் பொருள். அதிகாரம் முடிவது கண்டனத்தில் அன்று, ஒரு வினாவில்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் ஒருவரையொருவர் கண்டு பேசத் தொடங்கியதே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கத்தின் தோற்றம். குடித்தவன் தெளிந்த வேளையில் மற்றொரு குடியனின் கதையைக் கேட்டுத் தன்னை அறிவதே அதன் முறை. அவர்கள் திருக்குறளைப் படித்துச் செய்தார்கள் என்று பெருமை கொண்டாட வேண்டுவதில்லை. மனித இயல்பைக் கூர்ந்து நோக்கியவர்கள் எந்நாட்டில் இருந்தாலும் ஒரே வாயிலைக் கண்டடைவர் என்று கொள்வதே போதும்.

மணிமேகலை காட்டும் இரு வழிகள்

குடியனை எவ்வாறு அணுகுவது என்பதற்கு மணிமேகலையில் இரண்டு காட்சிகள் உள்ளன. மலர்வனம் புக்க காதையில், கள்ளுண்டு களித்த ஒருவன் சமண முனிவரை மறித்து, அவரையும் குடிக்க அழைக்கின்றான். தெருவில் வேடிக்கைக் காட்சிகளுள் ஒன்றாக அது கடந்து போகின்றது. ஆதிரை பிச்சையிட்ட காதையில் வருவது வேறு. கலம் உடைந்து நாகர் நாட்டில் ஒதுங்கிய சாதுவனுக்கு நாகர் தலைவன் கள்ளும் ஊனும் கொடுக்க முற்படுகின்றான். சாதுவன் அவற்றை மறுத்து, மறுத்ததன் காரணத்தை நாகர் மொழியிலேயே எடுத்துரைக்கின்றான். அம்மொழியை அவன் அறிந்திருந்தமையால்தான் உயிரும் பிழைத்தான். கேட்பவனால் இயலாத ஒன்றை அவன் கட்டளையிடவும் இல்லை. மூத்து இறந்த விலங்கின் ஊனை விலக்காமல், கொலையைத் தவிர்க்குமாறு மட்டும் கேட்கின்றான்.

கேட்பவன் மொழியில், அவனால் இயலும் எல்லையறிந்து, இகழாமல் பேசுதல் சாதுவன் வழி. பிற்காலத் தமிழ்த் திரைப்படம் பெரிதும் பின்பற்றியதோ முதற்காட்சியையே. தள்ளாடும் குடியன் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் படங்களில் நகைச்சுவைப் பாத்திரம். கொட்டகையில் சிரித்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களுள் சிலவற்றுக்கு அவ்வுருவம் வாசலிலேயே காத்திருக்கும்.

கட்கரியும் இராஜாஜியும்

நாம் வாழும் மராத்தி மண்ணில் இப்பொருள் பற்றித் தோன்றிய பெரும்படைப்பு, ராம் கணேஷ் கட்கரியின் ‘ஏகச் பியாலா’ நாடகம். ‘ஒரே ஒரு கோப்பை’ என்பது தலைப்பின் பொருள். 1919-இல், ஆசிரியர் மறைந்த சில வாரங்களில், கந்தர்வ நாடக மண்டலி அதனை மேடையேற்றியது. பால கந்தர்வர் நாயகி சிந்துவாக நடித்தார். அறிவும் தன்மானமும் மிக்க வழக்கறிஞன் சுதாகர், நீதிமன்றத்தில் அடைந்த அவமானத்தால் மனம் உடைகின்றான். அவனுடைய குமாஸ்தா தளீராம் ‘ஒரே ஒரு கோப்பை’ என்று தொடங்கி வைக்கின்றான். அதன்பின் தொழிலும் பொருளும் மழலையும் மனைவியும் ஒவ்வொன்றாக அழிகின்றன. இறுதியில் அவனும் நஞ்சருந்தி மாய்கின்றான்.

தமிழில் இதற்கு இணையாகக் கூறத்தக்கது இராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’ சிறுகதை. அவர் மதுவிலக்குக்காகவே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தியவர். கல்கி அதில் அவருடன் பணியாற்றினார். சென்னை மாகாணத்தின் தலைமை ஏற்றபின் 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவரும் அவரே. குடியும் கடனும் சேர்ந்து ஓர் எளிய உழவர் குடும்பத்தைச் சிதைப்பதே இக்கதை. 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இதனைத் திரைப்படமாக்கினார்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். இராஜாஜியின் நோக்கு கடையின்மேல். கடையை மூடினால் கருப்பனும் பார்வதியும் பிழைப்பர் என்னும் நம்பிக்கை கதையின் அடியில் ஓடுகின்றது. கட்கரியின் நோக்கு கோப்பையை ஏந்திய கையின்மேல். சுதாகர் விடவேண்டும் என்று விரும்புகின்றான், முயல்கின்றான், மீண்டும் விழுகின்றான். இந்நோயின் இயல்பை உள்ளிருந்து காட்டியதில் மராத்தி நாடகமே ஒரு படி மேல் என்று கூறுவது தமிழ்ப் பற்றுக்கு இழுக்காகாது.

ஆனால் இரு படைப்புகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டிலும் மருத்துவம் இல்லை. மனைவி மட்டுமே இருக்கின்றாள். சிந்து மாவரைத்துக் குடும்பம் காக்கின்றாள். சாகும் தறுவாயிலும் கணவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கின்றாள். அவள் பொறுமையைக் கண்டு மூன்று தலைமுறை மராத்தியர் கண்ணீர் விட்டனர். அந்தப் பொறுமை சுதாகரைக் காப்பாற்றவில்லை என்பதே நாடகம் நமக்குக் காட்டும் கசப்பான உண்மை. ‘கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்’ என்று கூறி, தாராவியில் குடித்துத் திரியும் பிள்ளைக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண்ணைப் பேசி முடிக்கும் நம் வழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் குடியைப் பெண் வீட்டாருக்கு மறைத்தல் ஒரு பிழை. ஊர் அறியாப் பெண்ணை மருந்தாக அனுப்புதல் அதனினும் பெரிய பிழை.

விற்றவன் கதையும் குடித்தவன் கதையும்

மும்பையின் வரலாறும் இங்கே தொடர்புடையது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அந்நாளைய பம்பாய் மாகாணத்தில் 1950 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது படிப்படியாகத் தளர்ந்து உரிம முறையாக மாறியது. மதுவிலக்கு நிலவிய காலத்தில் தாராவியின் கழிமுகச் சதுப்புநிலங்களில் கள்ளச்சாராயம் காய்ச்சுதல் பெருந்தொழிலாயிற்று. அத்தொழிலில் பெயர் பெற்ற வரதராஜன் முதலியாரின் வாழ்வைத் தழுவியே 1987-இல் மணிரத்தினத்தின் ‘நாயகன்’ தோன்றிற்று.

கலைத்திறத்தால் அப்படம் சிறந்தது என்பதில் ஐயமில்லை. தாராவியைப் பெரும்பாலும் சென்னையிலேயே அரங்காக எழுப்பிக் காட்டிய தோட்டா தரணியின் கைவண்ணமும் போற்றத்தக்கது. ஆயினும் நம் நோக்கில் ஒரு வினா எஞ்சுகின்றது. விதியோடு போராடி உயர்ந்தவன் கதையை அப்படம் சொன்னது. அவ்வுலகின் சரக்கை வாங்கிக் குடித்துச் சீரழிந்த தோல்பதனிடும் தொழிலாளியின் கதையைச் சொல்ல ஒரு படமும் வரவில்லை. தலைவனைப் பாடுதலும் தொண்டனை மறத்தலும் நம் இலக்கியத்தின் நெடுநாள் வழக்கம் போலும்.

குடித்தவன் கதை செய்தித்தாளில் மட்டுமே வெளிவருகின்றது. 2015 ஜூனில் மும்பை மாலாடு மால்வணியில் நச்சுச் சாராயம் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் என்னும் ஆலைச் சாராயம் உடலுள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை எரித்து உயிரையும் பறிக்கின்றது. கள்ளுண்பாரை நஞ்சுண்பார் வரிசையில் வள்ளுவர் வைத்ததை உவமை என்று படித்தோம். மால்வணியில் அஃது உள்ளபடியே நடந்தது. ஆனால் ஒரே இரவில் நேர்ந்த சாவுகளே செய்தியாகின்றன. இருபதாண்டுகளில் கல்லீரல் சுருங்கி ஒவ்வொருவராக மறைவோர் கணக்கில் வருவதில்லை.

நான்கு உறுப்புகள்

இனி மருந்ததிகாரத்துக்கு வருவோம். அதன் 948-ஆம் குறள் நோயையும், நோயின் காரணத்தையும், தணிக்கும் வழியையும் ஆராய்ந்து பொருந்தச் செய்யச் சொல்கின்றது. 950-ஆம் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகின்றது: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். நான்காமவனுக்கு அவர் தந்த பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்பது பக்கம். பக்கத்தில் நடப்பவன் என்று பொருள் கொள்ளலாம்.

குடியை நோயென்று கொண்டால் இந்நான்கும் வேண்டும். நாம் செய்வதோ, நோயாளியைக் குற்றவாளியாக்கி, மருத்துவனையும் மருந்தையும் விலக்கி, நான்காம் உறுப்பின் சுமை முழுவதையும் மனைவியின் தலையில் ஏற்றுவதே. நாம் பணிபுரியும் மத்திய அரசு அலுவலகங்களுக்குரிய 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22-ஆம் விதி, பணியின்போது மதுமயக்கத்தில் இருத்தலையும் அளவிறந்து குடிப்பதை வழக்கமாக்குதலையும் தடைசெய்கின்றது. அது வேண்டிய விதியே. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மதுவைத் தவறாகப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளை நோயின் இலக்கணத்துள் சேர்த்துள்ளது. முன்னதைத் தலைகீழாக ஒப்பிக்கும் எழுத்தர்களாகிய நாம் பின்னதையும் அறிந்திருத்தல் நன்று.

மருத்துவனை விலக்குவதால் நேரும் தீங்கு ஒன்றை விளக்கிக் கூறவேண்டும். ஐயப்பனுக்கு மாலையணிந்து 41 நாள் விரதம் இருக்கும்போது குடியை விடுவோர் நம்மிடையே பலர். ஊர்க் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விடுவோரும் உளர். அந்த நல்லெண்ணம் போற்றத்தக்கது. ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய உடல் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் காணலாம். இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே இறுதியாகலாம். அத்தகையோர் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே முறை. மாலையும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. விரதம் முடிந்த மறுநாள் மீண்டும் தொடங்குபவனைப் ‘பக்தி இல்லாதவன்’ என்று பழிப்பதும் தகாது. மீண்டும் விழுதல் இந்நோயின் இயல்பு. அதற்கும் மருத்துவம் உண்டு.

வழிகள் இல்லாமல் இல்லை. தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1981-இல் மும்பை பாந்திராவில் பாதிரியார் ஜோ பெரைரா ‘கிருபா’ அமைப்பை நிறுவினார். 1986-இல் புனேயில் அனில் அவசட்டும் அவர் மனைவி டாக்டர் அனிதா அவசட்டும் ‘முக்தாங்கண்’ மையத்தைத் தோற்றுவித்தனர். எனினும் எய்ம்ஸ் மருத்துவர் குழு நடத்தி 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுச்சார்புக்கு ஆளானோர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். எஞ்சிய 37 பேரையும் தடுத்து நிறுத்துவனவற்றுள் தலையாயது நாணம். நாணம் புறங்காட்டிப் போனதென வள்ளுவர் குடியனைப் பற்றிக் கூறினார். இங்கோ அந்நாணம் அவன் குடும்பத்தில் தங்கிக் கதவை உள்ளிருந்து தாழிட்டுக் கொண்டது.

சங்கத்தின் கடமை

ஊரில் ஒருவன் தவறினால் தாய்மாமனோ பெரியப்பாவோ கேட்பர். மும்பையில் ஒண்டிக்குடித்தன அறையில் ஐவரோடு உறங்கி எழுந்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் இளைஞனுக்குப் பக்கத்தில் நடப்பவர் யார்? அவன் பணம் வருவது நின்றபின்பே ஊரார் விசாரிக்கின்றனர். அதற்குள் காலம் கடந்துவிடுகின்றது. அந்த ‘உழைச்செல்வான்’ இடத்தை நிரப்பவேண்டியவை நம் சங்கங்கள். மராத்தியும் இந்தியும் சரளமாக வாராத ஒருவரோடு மருத்துவமனைக்குச் சென்று, அவர் கூறுவதை மருத்துவருக்கும் மருத்துவர் கூறுவதை அவருக்கும் எடுத்துச் சொல்ல ஒரு தமிழர் கிடைத்தாலே பாதிச் சுமை குறையும். நாகர் மொழி அறிந்த சாதுவனின் பணி அது. குடிப்பவரின் மனைவி வாய் திறந்து பேசச் சங்கத்தில் ஓர் அறையும், பேசியதை வெளியே கொண்டு செல்லாத இரண்டு பெண்மணிகளும் இருந்தால் மீதிப் பாதியும் குறையும்.

ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் மேடையேறிக் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மழலையில் ஒப்பிக்கின்றனர். அவையில் அமர்ந்திருக்கும் தந்தையருள் சிலர் தலைகுனிகின்றனர். அக்குழந்தைகளுக்கு மருந்ததிகாரத்தையும் சேர்த்துக் கற்பிப்போம். குனிந்த தலைகளுள் ஒன்று நிமிர்ந்து, ‘எனக்கு ஒரு மருத்துவரைக் காட்டுங்கள்’ என்று கேட்குமானால், கேட்டவரோடு மறுநாள் காலை உடன் செல்ல நம்முள் ஒருவர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.